உப்போடு போன மச்சம்

கள்ளிக்கரை அப்பளத் தெருவில், ரெஞ்சிதத்தின் மேலுதட்டில் மிளகளவு உட்கார்ந்திருந்த அதிர்ஷ்ட மச்சம் ஓர் ஐப்பசிக் காலையில் அவளை விட்டுவிட்டு எதிர்வீட்டுத் தவசுக்கனியின் புறங்கைக்குக் குடிபோனபோது, அதை முதலில் பார்த்தவள் சந்தனமாரிதான். பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. வாக்கப்பட்டு அந்தத் தெருவுக்கு வந்த நாள் முதலாய் அந்த மச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டவள் அவள். ஊரெல்லாம் மழை பெய்தாலும் ரெஞ்சிதத்தின் பாயில் மட்டும் வெயில் நிற்கும், காதிலிருந்து விழுந்த தோடு பருப்பு டப்பாவிலிருந்து வந்து சேரும், கைகாட்டாமலே பஸ் நிற்கும், எல்லாம் மச்சம் என்று தெரு சொல்லும். அது எப்படி இடம் மாறும் என்று சந்தனமாரி யோசிக்கவில்லை. மாறியதுதான் மாறியது, இரண்டு வீடு தள்ளி நம் வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா என்றுதான் யோசித்தாள்.

நடந்தது இவ்வளவுதான். அந்தத் தெருவில் உப்பை யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள், கையில் வாங்கவும் மாட்டார்கள். கைக்குக் கை மாறினால் இரண்டு வீட்டுக்கும் சண்டை வரும் என்று, கேட்டு வந்தவள் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு ஒதுங்குவாள், கொடுப்பவள் அதில் கொட்டிவிட்டு ஒதுங்குவாள், பிறகுதான் கேட்டவள் எடுத்துக்கொண்டு போவாள். அன்றைக்கு மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது, தெருவே பாயைச் சுருட்ட ஓடிக்கொண்டிருந்தது, உளுந்து மாவைப் பாதி பிசைந்தபடி ஓடிவந்த தவசுக்கனி கிண்ணத்தை மறந்து உள்ளங்கையை நீட்டினாள், ரெஞ்சிதமும் அவசரத்தில் ஒரு பிடி உப்பை அந்தக் கையிலேயே வைத்து அழுத்திவிட்டாள். மழை இறங்கியபோது, யாருக்கும் நினைவு தெரிந்து முதன்முறையாக, ரெஞ்சிதத்தின் அப்பளம் நனைந்து கூழானது. தவசுக்கனி வீட்டு வாசலில், பாயின் அளவுக்கு வெட்டிவைத்தாற்போல், வெயில் விழுந்தது.

தெரு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. எடுத்துக்கொண்டது, ஆனால் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை மாற்றினால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. ரெஞ்சிதம் கொஞ்ச நாள் மூக்கைச் சிந்தினாள், பிறகு உதடு லேசாக இருக்கிறது, காற்றோட்டமாக இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மட்டும் அங்க அடையாளம் இப்படி ஊர்சுற்றினால் நான் எந்த சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவது என்று சத்தம் போட்டார். அவரையும் ஒருநாள் தவசுக்கனி வீட்டுப் பாயிலிருந்து எடுத்துப் பொரித்த அப்பளம் கொடுத்துச் சமாதானம் பண்ணிவிட்டார்கள்.

தவசுக்கனி மகளிர் குழுத் தலைவி. பங்கு பிரிப்பதில் பழகிய கை. அவள் அந்த மச்சத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஆயுசுக்கும் சுகப்பட்டிருக்கலாம், செய்யவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். குழாயடியில் எல்லோரையும் கூட்டிவைத்து, ஒரு வீட்டிலேயே அதிர்ஷ்டம் தேங்கினால் அது நாற்றமடிக்கும் என்றாள், ஆளுக்கொரு நாள் முறை வைத்துக்கொள்வோம், காலையில் தண்ணீர் வரும்போது இந்த வீட்டுக்காரி அடுத்த வீட்டுக்காரியின் உள்ளங்கையில் தோலோடு தோல்பட உப்பைக் கொடுக்கட்டும் என்றாள். பரீட்சை, பிரசவம், ஆஸ்பத்திரி என்றால் முறை பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்றும் பேச்சானது. உப்பு கைமாறினால் சண்டை வருமே என்று ஒருத்தி கேட்டாள். சண்டை எப்படியும் வரத்தானே போகிறது, அதிர்ஷ்டமும் வந்துவிட்டுப் போகட்டும் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அப்படியே ஆனது, இரண்டும் வந்தன. முறை வந்த வீட்டில் பால் பொங்கி வழியாது, தோசை கல்லில் ஒட்டாது, சிலிண்டர் தீர்ந்துபோகாது, வெளியூர் வியாபாரி பேரம் பேசாமல் மூட்டை கட்டுவான். நெடுநாள் தள்ளிப்போட்ட காரியங்களையெல்லாம் தெரு தன் முறைநாளுக்கென்று எடுத்துவைத்தது. ஒருவன் சொத்தைப்பல்லைப் பிடுங்கிக்கொண்டான், ஒருத்தி தன் காதலை அப்பனிடம் சொன்னாள், இன்னொருத்தி பதினைந்து வருஷமாகப் பேசாத தங்கைக்கு போன் போட்டாள். இந்தப் பொல்லாத நாளை வீணாக்கிவிடுவோமோ என்ற பயத்திலேயே காலையிலிருந்து சாயங்காலம் வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த வீடுகளும் உண்டு. சந்தனமாரி வீடு அந்த ரகம்.

மச்சம் போகிற உடம்பில் ஒரே இடத்தில் உட்காராது. ஒருத்திக்குக் குதிகாலில், ஒருத்திக்குக் காதுக்குப் பின்னால், ஒருத்திக்குக் கட்டினவன்கூட வெளிச்சத்தில் பார்த்திராத இடத்தில். இதனால் ஒருமுறை, வாங்கியவள் எனக்கு வரவில்லை என்று சொல்ல, கொடுத்தவளைத் தெருவில் நிற்கவைத்து முடியை அவிழ்த்துத் தேடி, கடைசியில் அது வாங்கியவளின் பிடரியிலேயே இருந்து, பெரிய அசிங்கமாகிவிட்டது. அன்றிலிருந்து தவசுக்கனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: கொடுப்பவள் கொடுப்பாள், வாங்குபவள் வாங்குவாள், யாரும் யார் உடம்பையும் தேடக் கூடாது, தன் உடம்பையும் தேடக் கூடாது, தேடினால் அந்த வீட்டுக்கு முறை கிடையாது. மச்சம் எங்கே என்று பார்க்காமலே மச்சம் இருக்கிறது என்று நம்பத் தெரு பழகிக்கொண்டது.

இந்த நம்பிக்கையில்தான் சந்தனமாரி கைவைத்தாள்.

அவள் மகள் கற்பகத்துக்கு வரன் ஒன்றும் தட்டிப்போகாமல் இருந்ததில்லை. ஜாதகம் சேர்ந்தால் மாப்பிள்ளைக்கு மனசு சேராது, மனசு சேர்ந்தால் தாய்மாமன் சண்டைக்கு வருவான். இந்தமுறை உசிலம்பட்டியிலிருந்து நல்ல இடம், பையன் சர்வேயர், பெண் பார்க்க வருகிற நாளை அவள் தன் முறைநாளாகப் பார்த்துக் கேட்டு வாங்கியிருந்தாள். முந்தினநாள் போன் வந்தது, பெரியப்பாவுக்குக் காய்ச்சல், ஒருநாள் தள்ளி வருகிறோம் என்றார்கள். சந்தனமாரியின் முறைநாள் அப்படியே வெறுமையாகப் போனது. மச்சம் அவள் இடது மேற்கையில், ரவிக்கைக் கைக்குள்ளே, வெள்ளிக்கிழமைப் பொட்டுமாதிரி உட்கார்ந்திருந்தது, அவளோ பொங்காத பாலைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் சோணை, தவசுக்கனியிடம் சொல்லி இன்னொரு நாள் கேட்டுப் பாரேன் என்றான். பெண் பார்ப்பது பரீட்சையா, பிரசவமா, ஆஸ்பத்திரியா? கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் அடுத்த வீட்டுச் செங்கமலம் உள்ளங்கையை நீட்டினாள். சந்தனமாரி உப்பை விரல்நுனியில் எடுத்து, அந்தக் கைக்கு ஒரு சாண் மேலேயிருந்து, குழந்தை தலையில் அட்சதை போடுவதுபோல உதிர்த்தாள். உப்பு போனது, தோல் படவில்லை. செங்கமலம் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு உப்பைப் பார்த்தாள், முந்தானையில் முடிந்துகொண்டு குடத்தைத் தூக்கினாள். சந்தனமாரி வீட்டுக்குள் வந்து ரவிக்கைக் கையை ஏற்றிப் பார்த்தாள், மச்சம் அசையாமல் இருந்தது. ஒரு நாள்தானே, நாளைக்கு எப்படியாவது சேர்த்துவிடலாம், செங்கமலத்துக்கு இன்றைக்கு அப்படி என்ன தலைபோகிற காரியம் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். அவள் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரிந்தால் செய்ய முடியாது என்று உள்ளே எங்கோ அவளுக்குத் தெரிந்திருந்தது.

செங்கமலத்தின் புருஷன் வீரணன் பெயின்ட் அடிக்கிறவன். ஊரின் பெரிய தண்ணீர்த்தொட்டிக்கு வெளிப்பக்கம் அடிக்கும் வேலையை எடுத்துவிட்டு, உயரத்துக்குப் பயந்து, எங்கள் வீட்டு முறை வரட்டும் என்று காத்திருந்தவன். முறை வந்துவிட்டது. இடுப்பில் கட்டுகிற கயிறு கையை எட்டவிடாது, வேலை ஓடாது, இன்றைக்கு எனக்கு எதற்குக் கயிறு என்று அதை வாசலிலேயே போட்டுவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு மேலே ஏறினான்.

உசிலம்பட்டிக்காரர்கள் வந்தார்கள். வாசலில் கார் நின்றதும் மேகம் விலகியது. காய்ச்சல்காரப் பெரியப்பா துள்ளிக்கொண்டு இறங்கினார், தாய்மாமன் வந்தவர்களில் ஒருவனைத் தன் கூடப்படித்தவன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டான், சேராத ஜாதகத்தை இன்னொருமுறை பார்த்த ஜோசியர் அன்றைக்குக் கண்ணாடி போடவில்லை என்று தன் தப்பை ஒப்புக்கொண்டார், பையன் கற்பகத்தைப் பார்த்துச் சிரித்தான், கற்பகமும் சிரித்தாள். வெற்றிலைத் தட்டு கைமாறிக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஓடுகிற சத்தம் கேட்டது. வீரணன் தொட்டியிலிருந்து விழுந்துவிட்டான் என்றார்கள். சந்தனமாரியின் கையில் தட்டு ஆடவில்லை. அன்றைக்கு அவள் கையிலிருந்து எதுவும் விழாது.

உயிர் போகவில்லை. அந்த உயரத்திலிருந்து விழுந்தவனுக்கு இடுப்பும் ஒரு காலும்தான் முறிந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டரே நம்பவில்லை என்று தெரு முழுக்கப் பேச்சு. மச்சம் இருந்த வீடு, அதனால்தான் மனுஷன் பிழைத்தான், நேற்றைக்கு விழுந்திருந்தால் அள்ளிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும் என்று ஆளாளுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் செங்கமலம் சந்தனமாரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தாமல், "உங்க கையால குடுத்த உப்புதான்க்கா" என்று மட்டும் சொன்னாள். சந்தனமாரிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்போதாவது ஒரு கல் உப்பைத் தேடியிருக்கலாம். பக்கத்தில் சம்பந்தி வீட்டம்மா நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் குழாயடிக்குச் செங்கமலம் வந்து தன் அடுத்த வீட்டுக்காரிக்கு உப்புக் கொடுத்தாள். அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தது. அதற்கடுத்த வீட்டில் தோசை ஒட்டியது. இரண்டொரு வீடு பார்த்துவிட்டுத் தவசுக்கனி தீர்ப்புச் சொன்னாள்: வீரணனின் உயிரைக் காப்பாற்றுவதில் அந்த மச்சம் தன்னைச் செலவழித்துத் தேய்ந்துபோய்விட்டது. தெரு மச்சத்துக்காக ஒருநாள் பாய் விரிக்காமல் துக்கம் காத்தது, பிள்ளையாருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தது, ரெஞ்சிதம் மேலுதட்டைத் தடவிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். அதோடு உப்பைக் கையில் கொடுப்பதும் நின்றது. முறைக்காக மாற்றி மாற்றி உப்புக் கொடுத்ததில் முளைத்த சண்டைகள் அத்தனை இருந்தன, இனிமேல் ஜென்மத்துக்கும் கிண்ணத்தைப் படியில்தான் வைப்பது என்று எல்லோரும் சத்தியம் செய்யாத குறை.

சந்தனமாரி மாட்டிக்கொண்டாள். மச்சம் அவளிடமே இருந்தது, கொடுப்பதற்கு ஒரு கை கிடைக்கவில்லை. எதிர்ப்பட்டவளிடமெல்லாம் ஒரு பிடி உப்போடு போய் நின்றாள், எல்லோரும் அவசரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் திணிக்கப் பார்த்தாள், பில்லி சூனியம் என்று அவள் கத்தியதில் கூட்டம் கூடிவிட்டது, அப்போதும் பாருங்கள், கண்டக்டர் இவளுக்குத்தான் பரிந்து பேசி உட்கார இடமும் பிடித்துக்கொடுத்தான். அம்மன் கோவில் பலிபீடத்தில் கொட்டினாள், ஊருணியில் கரைத்தாள், மச்சத்தின் மேல் சுண்ணாம்பு வைத்துப் புண்ணாக்கிக்கொண்டாள், புண் அன்றைக்கே ஆறியது.

நல்லது நடக்க நடக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீரணன் வலியில் முனகுவது சுவர் தாண்டிக் கேட்கும், அந்த நேரம் பார்த்துத்தான் தொலைந்துபோன மூக்குத்தி கத்தரிக்காயை நறுக்கும்போது வந்து விழும். செங்கமலம் ஒற்றை ஆளாய் மாவிடித்துத் தேய்த்த அப்பளம் தூறலில் நனைந்து போகும், பக்கத்திலேயே இவள் வீட்டுப் பாயில் வெயில் அடிக்கும். தெருவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று இவள் பாயை விரிப்பதையே நிறுத்தினாள். கூடத்துக்குள் நிழலில் கிடந்த அப்பளமும் காய்ந்தது. உனக்கென்னடி குறை, மகள் கல்யாணம் கூடிவந்திருக்கிறது, முகத்தை ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று சோணை கேட்டான். அதிர்ஷ்டம் என்றால் நல்லது நடப்பது என்றுதான் அவளும் அதுவரை நினைத்திருந்தாள். யாருடைய நாளிலிருந்து எடுத்துவந்து நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் அதிர்ஷ்டம் என்று இப்போது தோன்றியது. அவளுக்குத் தெரிந்துபோயிற்றே, இனி எங்கே நிம்மதி.

வீரணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, கட்டிலில் உட்கார ஆரம்பித்து, கம்பைப் பிடித்து நிற்கப் பழகிய பிறகு, கற்பகத்தின் கல்யாணப் பத்திரிகை வைக்கிற சாக்கில் சந்தனமாரி செங்கமலத்தின் அடுப்படிக்குப் போனாள். மூடிய கையில் உப்பு இருந்தது. பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, எந்த முன்னுரையும் இல்லாமல், எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு சாண் உயரத்தைச் சொன்னாள், ரவிக்கைக் கையை ஏற்றி மச்சத்தைக் காட்டினாள். என்னை விளக்குமாற்றால் அடி, தெருவைக் கூட்டிச் சொல், ஆனால் கையை மட்டும் நீட்டு, இதை வாங்கிக்கொள் என்று கெஞ்சினாள்.

செங்கமலம் அடுப்பை அணைத்தாள். மச்சத்தை அவள் பார்க்கவே இல்லை.

"அன்னைக்கே தெரியும்க்கா" என்றாள். "குழாயடியில இருந்து வந்ததும் கதவச் சாத்திட்டு, அவரு சவரக் கண்ணாடிய வச்சுத் தேடுனேன். தலமுடிய வகுந்து வகுந்து பாத்தேன். இல்ல."

சந்தனமாரி ஏற்றிய ரவிக்கைக் கையை இறக்கிவிட்டாள்.

"நான் வெளிய வந்தப்ப அவரு கெளம்பி டீக்கடையில நின்னாரு. கயிறு வாசல்ல கெடந்துச்சு. எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னா, ஏன்டின்னு கேப்பாரு. தேடிப் பாத்தேன்னு சொல்லணும். தேடுனது தெரிஞ்சா நமக்கு மொறையே இல்லாமப் போயிரும். ஒலகத்துல எல்லாரும் மச்சத்த வச்சுக்கிட்டா வேலைக்குப் போறாங்க, ஒரு நாளு போயிட்டு வரட்டும்னு நெனைச்சேன்." அவள் குரல் உடையவில்லை, அதுதான் சந்தனமாரிக்குத் தாங்கவில்லை. "அந்தக் கயித்தத் தாண்டித்தான்க்கா நான் கோலம் போட்டேன்."

சந்தனமாரி மெல்லக் கையை நீட்டினாள். செங்கமலம் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நீங்கள் செய்தது உங்களோடு இருக்கட்டும், அதை வாங்கினால் நான் செய்ததையும் அவரிடம் சொல்ல வேண்டிவரும், மச்சம் காப்பாற்றியது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனுஷர் எழுந்து நிற்கிறார், கம்பைப் பிடித்துக்கொண்டு என்று நினைக்காதீர்கள் என்றாள்.

உள்ளேயிருந்து வீரணன் யாரது என்று கேட்டான். சந்தனமாரியின் குரல் தெரிந்ததும் கம்பை ஊன்றி அடி அடியாக வந்து, அடுப்படி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, வியர்வை வழிகிற முகத்தோடு சிரித்தான். பத்திரிகையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற கதையை அவளுக்கும் சொன்னான்: கால் வழுக்கியது, ஆகாசம் தலைகீழானது, அந்த நேரம் ஏதோ ஒரு கை இடுப்பில் தாங்கி மெதுவாக இறக்கிவிட்டது போலிருந்தது, இல்லையென்றால் நான் இங்கே நின்று பேசுவேனா.

"இவ கிட்ட எத்தனையோ தடவ கேட்டுட்டேன் மதினி, வாயே தொறக்க மாட்டேங்குறா. அதான் மச்சம் போயிருச்சே, இனிமே சொன்னா என்ன? ஏன்டி, நீ பாத்தியா இல்லையா? எங்க இருந்துச்சு?"

செங்கமலம் பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள். "பாத்தேன்" என்றாள். "தோள்பட்டைக்குக் கீழ. முதுகுல."

வீரணன் முகம் மலர்ந்துபோனது. எனக்குத் தெரியும், முதுகில்தான் இருந்திருக்கும், நான் முதுகடிச்சுத்தானே விழுந்தேன் என்று தன் தொடையில் தட்டினான். அந்தச் சந்தோஷத்தை இன்னொருவர் வாயாலும் கேட்டுவிட ஆசைப்பட்டவன் போலச் சந்தனமாரியின் பக்கம் திரும்பினான்.

"நீங்கதான மதினி அன்னைக்கு இவளுக்குக் குடுத்தது?"

சந்தனமாரியின் மூடிய கைக்குள் உப்பு நசநசவென்று கரைந்துகொண்டிருந்தது. செங்கமலம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா தம்பி" என்றாள் சந்தனமாரி. "நான்தான் குடுத்தேன்."

அவன் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவளைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினான்.